சாரத்தடியில் பதினொரு பிள்ளைகள்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. கதவோரம் சாய்ந்திருக்கிறவர்களும் கொஞ்சம் நகர்ந்து வாருங்கள், என் குரல் முன்னைப்போல எட்டாது. கையில் வேலை இருந்தால் அது பாட்டுக்கு நடக்கட்டும், காதை மட்டும் எனக்குக் கொடுங்கள். இந்தக் கதையில் ராஜா ராணி வரமாட்டார்கள். கலவைச் சட்டி தூக்கிய இருபத்து மூன்று பெண்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும்தான் வருவார்கள். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நான் தப்புச் செய்த இடம் ஒன்று வரும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம், பங்குனி வெயில். திருப்பதியில் மலைக்குப் போகிற ரோட்டோரம், சாமி பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு மூன்று மாடிச் சத்திரம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதில் நாங்கள் சித்தாள்கள். சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் கட்டி, படிப்படியாகப் பலகை போட்டு, கட்டடத்தின் ஓரமாகச் சாரம் ஏறியிருக்கும். படிக்கு ஒருத்தியாகக் கீழிருந்து உச்சி வரை நிற்போம். கீழே கலவை மெஷின் ஓயாமல் சுற்றும். நிரம்பிய சட்டி ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்கு ஏறிக்கொண்டே போகும். அந்த வரிசையில் நிற்கிறவள் இடத்தை விட்டு அசையக் கூடாது. அசைந்தால் வரிசை அறுந்துபோகும். சட்டி நழுவினாலோ, கீழ்ப்படியில் நிற்கிறவளின் மண்டையில்தான் விழும்.

அன்றைக்குத் தபீதாள் இரண்டாம் மாடி உயரத்தில் நின்றாள். குடிபாலா பக்கத்துப் பெண். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். புருஷன் சாந்தகுமார் கால்வாய் வேலைக்கு எங்கேயோ போய் மாதம் ஒரு தடவை வருவான். அவளுக்கு ஒரே மகள் லோயிஸ், பதினாலு மாசம். தவழ்கிற பிள்ளையைச் சாரத்தடியில் எப்படி விடுவது? எங்கள் எல்லாருக்கும் ஒரே வழிதான் தெரியும். பழைய புடவைக் கிழிசலைத் திரித்து, ஒரு முனையைப் பிள்ளையின் கணுக்காலிலும் மறுமுனையைக் கட்டையிலும் கட்டிவிடுவோம். நாலு முழத்துக்கு அது போகலாம், வரலாம். மண்ணைத் தின்னும், அழும், அப்படியே தூங்கும். அப்படிக் கட்டிப்போட்ட பிள்ளைகள் எங்களுக்குள் பதினொன்று. எல்லாப் பிள்ளைகளின் கணுக்காலிலும் ஒரு கறுத்த வளையம் இருந்தது. அதைப் பார்த்து எங்களில் யாரும் வருத்தப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. கொலுசு போட்ட தடம்போல அது எங்கள் கண்ணுக்குப் பழகியிருந்தது.

மேலேயிருந்து தபீதாள் குனிந்தபோது லோயிஸின் முடிச்சு அவிழ்ந்திருந்தது. பிள்ளை தவழ்ந்து போய்க்கொண்டிருந்தது. போன திசையில் சுண்ணாம்பு நீற்றுகிற குழி. காலையில்தான் கல்லைக் கொட்டித் தண்ணீர் விட்டிருந்தார்கள். சோற்றுப் பானைபோல அது கொதித்துக்கொண்டிருந்தது. தபீதாளின் கையில் நிரம்பிய சட்டி. அதைப் போட்டுவிட்டு இறங்க முடியாது, கீழே ஆள் நிற்கிறாள். மேலே கொடுத்தாள். திரும்புவதற்குள் அடுத்த சட்டி வந்துவிட்டது. அதையும் கொடுத்தாள். கத்தினாள், மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாவது சட்டியையும் அவள் மேலே கொடுத்தாளாம். "என் கை குடுத்துக்கினே இருந்துச்சி சுந்தரி, என் உசுரு மட்டும் கீழ பூடுச்சி" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

கம்பி வளைத்துக்கொண்டிருந்த கோவர்த்தனன் பார்த்துவிட்டார். ஒரே பாய்ச்சலில் வந்து குழி விளிம்பிலிருந்து பிள்ளையை அள்ளினார். பிள்ளையின் வலது உள்ளங்கை மட்டும் வெந்துபோயிருந்தது.

சாயங்காலம், தண்ணீர்த் தொட்டியருகே கைகால் கழுவும்போது அவர் எங்களிடம் வந்தார். பட்டணத்துப் பக்கமெல்லாம் வேலை செய்தவர், நாலு விஷயம் தெரிந்தவர்.

"இருவது பொம்பளைங்களுக்கு மேல வேல செய்ற எடத்துல, பிள்ளைங்கள வெச்சிக்க ரூமு குடுக்கணும்னு சட்டம் கீது. பாத்துக்க ஆளும் போடணும். நீங்க இருவத்தி மூணு பேரு கீறீங்க."

"சட்டம் நம்ம மேஸ்திரிக்குத் தெரியுமா?" என்றாள் சந்திரம்மா. நகரிக்காரி, வாய் ஓயாதவள். "அந்தாளுக்கு நம்ம பேரே தெரியாது. ஏய் மஞ்சப் பொடவ, ஏய் பச்சப் பொடவன்னுதான் கூப்புடறான். பொடவ மாத்துனா நானு யாருன்னு எனக்கே சந்தேகமாப் பூடுது."

எல்லாரும் சிரித்தோம். தபீதாள் சிரிக்கவில்லை. மடியில் தூங்கிப்போன பிள்ளையின் கையைத் துணியில் பொதிந்து பிடித்திருந்தாள். "எழுதுங்கண்ணா," என்றாள். "எங்க அனுப்பணுமோ அங்க எழுதுங்க."

கோவர்த்தனன் தெலுங்கில் எழுதினார். சித்தூர் லேபர் ஆபீசருக்கு மனு. தபீதாள் தமிழில் கையெழுத்துப் போட்டாள். மற்றவர்கள் கட்டைவிரல் உருட்டினோம். நாலு பேர் பயந்துபோய் உருட்டவில்லை. சந்திரம்மா அந்த நாலு பேரில் ஒருத்தி.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

எங்கள் மேஸ்திரி ரங்கையா கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சில நாள் பிள்ளைகளுக்குப் பன் வாங்கிவந்து பிட்டுக் கொடுப்பார். ஆனால் பிள்ளைக்காரிகளைக் கண்டால் காண்ட்ராக்டருக்கு ஆகாது, வேலை கெடும் என்பார். ஒரு தடவை மூன்று பேரை அதற்காகவே விரட்டிவிட்டார். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. வெள்ளைச் சட்டைக்காரர் யார் வந்தாலும் ரங்கையா இரண்டு தரம் கை தட்டுவார். கீழ்ப்படிகளில் நிற்கிற இரண்டு மூன்று பேர் ஓடிப்போய்ப் பிள்ளைகளை அவிழ்த்து, சிமெண்ட் கொட்டகைக்குள் உட்காரவைத்து, வாயில் வெல்லத் துண்டு போட்டு, காலிச் சாக்கை இழுத்து மூடிவிடுவோம். என் மகன் சிட்டிபாபுவுக்கு மூன்று வயசு. சாக்கை அவனே இழுத்துப் போர்த்திக்கொள்ளப் பழகியிருந்தான்.

மனு அனுப்பிப் பன்னிரண்டாம் நாள் ஜீப் வந்தது. நான் கீழ்ப்படியில் நின்றேன். ரங்கையா கை தட்டினார். என் கை தானாகப் போயிற்று கண்ணுகளா. இது நாம் கூப்பிட்டு வந்த ஜீப் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? இல்லை. முடிச்சுகளை அவிழ்த்தேன். இடுப்புக்கு ஒன்றாக, இரண்டிரண்டு பிள்ளைகளாக அள்ளிப் போனேன். லோயிஸை நான்தான் கொட்டகைக்குள் வைத்தேன், கட்டுப் போட்ட கையோடு. திரும்பி வந்து நின்றபோது, நரைத்த மீசையோடு ஒருவர் என் முன்னால் நின்று தெலுங்கில் கேட்டார், இங்கே பிள்ளைகள் இருக்கிறார்களா என்று.

"லேது சார்," என்றேன், இல்லை என்று.

அவர் நோட்டில் எழுதிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஜீப் போய்விட்டது. தபீதாள் அப்போது உச்சியில், கட்டடத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவள் இறங்கி வந்தபோது ரோட்டில் புழுதி அடங்கியிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரங்கையா எங்கள் நடுவில் வந்து நின்றார். மனுவைப் பற்றி ஆபீசர் அவரிடம் சொல்லிவிட்டிருந்தார்.

"இன்னாமே, பிள்ளைங்களுக்கு பங்களா கேட்டீங்களாமே. எங்கூட ஒரு வார்த்த சொல்லியிருந்தா மெத்தையும் போட்டிருப்பேனே." குரல் மாறியது. "நாளையிலேருந்து பிள்ளையத் தூக்கிக்கினு வர்றவளுக்கு வேல கெடையாது. அந்த மனுவ வாங்கித் துன்னுங்க."

தபீதாள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "நீயா சொன்னே?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாண்டி."

தபீதாள் தூக்குச் சட்டியை மூடினாள். "நாம எழுதுனத நாமளே பொய்யாக்கிட்டோம். இப்ப நாமதான் போயி நெசமாக்கணும். விடியால மொத பஸ்ஸு. நீ வர்றே."

"எங்க?"

"சித்தூருக்கு. பிள்ளைங்களோட."

அன்று சாயங்காலம் ரயில் ரோட்டோரக் குடிசைகளில் வீடு வீடாகப் போனாள். வரச்சொல்லி யாரையும் கெஞ்சவில்லை. "நீ வராட்டி பரவால்லே, பிள்ளைய மட்டும் என்னாண்ட குடு" என்றாள். கிருபாவதி தன் மகன் தனராஜைக் கொடுத்தாள். இன்னும் மூன்று பேர் கொடுத்தார்கள். சந்திரம்மா வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"தபீதா, எனக்கு இந்த வேலைய உட்டா வேற கதியில்லே. எம் புருசன் படுத்துக் கெடக்கறது ஒனக்குத் தெரியும். எம் பேரச் சொல்லிடாதே, எம் பிள்ள பேரும் சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன் அக்கா," என்றாள் தபீதாள். சொன்னபடியே அவள் எங்கும் சொல்லவும் இல்லை.

ஆக நான், தபீதாள், பொன்னியம்மாள், ஆறு பிள்ளைகள். பொன்னியம்மாளுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. முட்டி வீங்கி, ஏறுகிற படியெல்லாம் முனகுகிறவள். ஏன் வருகிறாய் என்று கேட்டதற்கு, "ஆறு பிள்ளைக்கு நாலு இடுப்புதானே கீது உங்களாண்ட" என்றாள்.

சித்தூர் ஆபீசில் பத்தரை மணி வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் அங்கிருந்த தூண், பெஞ்சு, மண்பானை எதையும் விடவில்லை. கட்டிப்போடாத பிள்ளைகள் இவ்வளவு ஓடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே கூப்பிட்டபோது ஒன்பது பேருமாக நுழைந்தோம். நரைத்த மீசைக்காரர் என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீதானம்மா பில்லலு லேதுன்னு சொன்னது?" தமிழும் தெலுங்குமாகக் கேட்டார். "நான் எழுதி சைன் போட்டு அனுப்பிட்டேன். இப்போ ஆறு பில்லலத் தூக்கினு வந்து என் ரிப்போர்ட்ட பொய்யின்னு சொல்றீங்க. என்ன வெளையாட்டா?"

நான் தபீதாளைத் திரும்பிப் பார்த்தேன். தபீதாள்தான் பேசினாள்.

"சார், வெள்ளச் சட்ட வந்தா பிள்ளைய மறைக்கணும்னு வருசக் கணக்கா பழகுன கை சார் இது. நீங்க எந்த வெள்ளச் சட்டன்னு அதுக்குத் தெரியாது."

அந்த நேரம் பார்த்து சிட்டிபாபு பீரோவின் காலில் ஒன்றுக்குப் போய்விட்டான். பியூன் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"உடுங்க சார்," என்றாள் பொன்னியம்மாள். "நாங்கள்லாம் ரேகை வெச்சோம். அவன் அவனால ஆனத வெச்சிட்டுப் போறான்."

மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. அதை அவர் உடனே அடக்கிக்கொண்டார். நாளை மறுநாள் திருப்பதியில் கேம்ப் இருக்கிறது, அப்போது வருகிறேன் என்றார். நானும் பொன்னியம்மாளும் கும்பிட்டுவிட்டுத் தரையிலிருந்து எழுந்தோம். ஆபீசர் வருகிறேன் என்று சொல்வதே பெரிசு அல்லவா. தபீதாள் எழுந்திருக்கவில்லை.

"நாள மறுநாளு வந்தா அங்க பிள்ளைங்க இருக்க மாட்டாங்க சார். நாங்களும் இருக்க மாட்டோம். தூக்கிக்கினு வந்தா வேல இல்லேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. நீங்க மறுபடியும் லேதுன்னுதான் எழுதணும், அப்ப அது நெசமாவே இருக்கும். இன்னைக்கு வந்தீங்கன்னா பாக்கலாம்."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான் சார்."

லோயிஸ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. கட்டு நழுவியிருந்தது. உள்ளங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்ததை அவர் பார்த்தார். எட்டிப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு பியூனிடம், டிரைவர் எங்கே என்று கேட்டார்.

ஜீப்பின் பின்பக்கம் நாங்கள் ஒன்பது பேரும் அடைந்து உட்கார்ந்தோம். ஆபீசர் முன்னால் வாய் திறக்காமல் வந்தார். சந்திரகிரி தாண்டும்போது கோட்டையைக் காட்டி, "அது யாரு வூடு ஆயா?" என்று கேட்டான் சிட்டிபாபு.

"ராசா வூடு," என்றாள் பொன்னியம்மாள். "கட்னவளுங்க அவுங்க பிள்ளைங்கள எங்க கட்டிப் போட்டாளுங்களோ, அது யாருக்கும் தெரிலே."

மூன்று மணிக்குச் சத்திரத்துக்கு வந்து சேர்ந்தோம். அன்றைக்கு மேல்மாடித் தளம் போடுகிற நாள். தளம் போட ஆரம்பித்தால் முடிகிறவரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த இடத்தில் பிற்பாடு ஒழுகும். மெஷின் அலறிக்கொண்டிருந்தது. சாரத்தில் மற்ற இருபது பேரும் சட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மூன்று படிகளும் காலி. அந்தப் படிகளுக்கும் சேர்த்துக் கையை நீட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். சாரத்தடியில் ஒரு பிள்ளை இல்லை. ரங்கையா சொன்னது சொன்னதுதான். மீதி ஐந்து பிள்ளைகளையும் குடிசைகளில் போட்டுப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள்.

ஜீப்பைக் கண்டதும் ரங்கையா வழக்கம்போல இரண்டு தரம் கை தட்டினார். ஜீப்பிலிருந்தே பிள்ளைகள் இறங்கியதைப் பார்த்ததும் அவர் கைகள் அப்படியே நின்றன. ஆனால் சமாளித்துக்கொண்டார்.

"சார், இவளுங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணொண்ணு. மத்ததெல்லாம் தெருவுல வெளையாடிக்கினு இருந்த பிள்ளைங்க. உங்களுக்குக் காட்டறதுக்குன்னு புடிச்சிக்கினு வந்திருக்காளுங்க. இங்க வேல செய்ற மத்தவங்களுக்குப் பிள்ளைங்க கெடையாது. நீங்களே கேளுங்க."

ஆபீசர் தபீதாளைப் பார்த்தார். "இந்தப் பிள்ளைங்களோட அம்மாங்க யாரும்மா?"

தபீதாள் அண்ணாந்தாள். நானும் அண்ணாந்தேன். சொல்லிவிடலாம், கிருபாவதி நாலாவது படியில்தான் நிற்கிறாள். தபீதாள் சொல்லவில்லை. "அவுங்களே சொல்வாங்க சார்," என்றாள்.

ஆபீசர் சாரத்தடிக்குப் போய் வாயருகே கையைக் குவித்துக் கூவினார். "யாருக்கெல்லாம் பிள்ளைங்க இருக்குது? பேரு, வயசு சொல்லுங்க."

சாரத்தில் தலைகள் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. கீழே ரங்கையா இடுப்பில் கைவைத்து நின்றார். சொல்லுகிறவளின் முகத்தை அவர் பார்ப்பார், நாளைக்கு ஞாபகம் வைத்துக்கொள்வார். சட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. கிருபாவதியின் மகன், அம்மாவைக் கண்டுகொண்டு, இரண்டு கையையும் மேலே தூக்கி அழுதான். அவள் அவனைப் பார்க்காமல் சட்டியை வாங்கினாள், கொடுத்தாள். தபீதாள் லோயிஸை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்தபடியே நின்றாள். கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

உச்சியில் யாரோ வாயசைத்தார்கள். சந்திரம்மா. தளத்தின் விளிம்பில், கடைசி ஆளாக நின்று சட்டியைக் கொட்டுகிறவள் அவள்தான். சொன்னது மெஷின் சத்தத்தில் கரைந்துபோயிற்று. அவளுக்குக் கீழே நின்றவள் அவள் முகத்தைப் பார்த்தாள். குனிந்து தனக்குக் கீழே இருப்பவளிடம் ஏதோ சொன்னாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். கைகள் நிற்கவில்லை. சட்டி மேலே போய்க்கொண்டிருக்க, அந்தச் சொல் கீழே வந்துகொண்டிருந்தது. இரண்டாவது படிக்காரி என்னைப் பார்த்தாள். கீழ்ப்படி என்னுடையது, காலியாக இருந்தது. நான் போய் அதில் ஏறி நின்றேன்.

"சந்திரம்மா மகன் வேதாச்சலம்," என்றாள் அவள். "மூணு வயசு. வூட்ல பூட்டிட்டு வந்திருக்கா."

நான் அதை ஆபீசரிடம் சொன்னேன்.

அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. கிருபாவதி மகன் தனராஜ், ஒன்றரை வயசு, இங்கே நிற்கிறான். நாகபூஷணம், நாலு வயசு. ரேணுகா, எட்டு மாசம். எந்தப் படியிலிருந்து புறப்பட்டதென்று தெரியாமல் பெயர்கள் வாய்க்கு வாய் இறங்கின. கையில் ஒரு சட்டி, வாயில் ஒரு பிள்ளை. ஆபீசர் நோட்டைத் தொடையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஏழாவது பெயரில் பேனா கீறியது, மை வரவில்லை. உதறினார், வரவில்லை. சட்டைப் பையைத் துழாவினார். பிறகு, நிமிராமலே, பக்கத்தில் நின்ற ரங்கையாவின் பக்கம் கையை நீட்டினார். ரங்கையா அந்தக் கையைப் பார்த்தார். மேலே சாரத்தைப் பார்த்தார். காதில் சொருகியிருந்த கட்டைப் பென்சிலை மெதுவாக எடுத்து நீட்டினார்.

எட்டாவது பெயர் அப்போதுதான் மூன்றாம் படிக்கு வந்திருந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போங்கள், உலை காயும். உங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் ஒருநாளும் ஓயாதிருக்கட்டும். கூப்பிட்ட குரலுக்கு அவர்கள் ஓடிவருகிற வழியெல்லாம் குளிர்ந்திருக்கட்டும்.